குறட்டைக்குச் சாட்சி

நாச்சிமுத்து முதல் குறட்டை விட்டபோது பாவாத்தாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடேங்கப்பா, ரெண்டு கை ரசஞ்சோத்தை உண்டுபோட்டு மனுசன் என்னமா இழுக்கிறார் பாரு, தகரக் கூரையே பேந்து போயிரும்போல. மோட்டார் ரூமை ஒட்டிய தோட்டத்துச் சாளை அது. ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் உரமூட்டை, நடுவில் கயிற்றுக் கட்டில், கட்டிலின் மேல் அவளுடைய அறுபத்தெட்டு வயசுப் புருசன். எருமை ஒருதரம் காதை ஆட்டிவிட்டு மறுபடியும் அசைபோட ஆரம்பித்தது. பாவாத்தாள் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மற்ற நாளாயிருந்தால் இந்நேரம் சோத்துப் போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பாதி தூரம் போயிருப்பாள். நேற்று டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள், மத்தியானம் உண்டதும் ரெண்டு மணி நேரம் படுக்கணும், வரப்புப் பக்கமே போகக்கூடாது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும் என்று. ஆளுக்கு எங்கே போவது? மகன் தங்கமுத்து மில்லுக்குப் போய்விட்டான், மருமகள் சுகன்யாவுக்கு வீட்டில் தையல் வேலை. ஆகவே இவள்தான். மணி ஒண்ணே முக்கால். டேபிள் பேன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, வேண்டாவெறுப்பாகக் காற்று விட்டுக்கொண்டிருந்தது. வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கறதைப் பாரு, ஈ பூந்துக்கும் என்று மனசுக்குள் திட்டியபடியே முந்தானையால் விசிறினாள். மீசை வெளுத்துவிட்டது. கீழுதடு குழந்தைக்குப்போல் கொஞ்சம் தொங்குகிறது. கழுத்து எப்போது இத்தனை தடித்தது? இது எல்லாம் புதுசாக இருந்தது அவளுக்கு. தினமும் பார்க்கிற முகம்தான், தினமும் சோறு போடுகிற முகம்தான், ஆனால் தூங்குகிற முகத்தைப் பார்த்துப் பத்தொன்பது வருசம் ஆகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பத்தொன்பது வருசம் என்றதும் சண்டையா, சச்சரவா என்று கேட்டுவிடக் கூடாது. ஒரு மண்ணும் இல்லை. மருமகள் வந்தாள், அவ்வளவுதான். இந்தப் பக்கத்து வீடுகளில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, சின்னஞ்சிறுசுகள் ஒரு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற வீட்டில் பெரியவர்களும் இன்னொரு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அதைவிடக் கண்றாவி ஒன்று உண்டா. கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை எல்லாம் கிளம்பிப் போன நாலாம் நாள் பொழுதோட, நாச்சிமுத்து கட்டிலைக் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். “கரண்டு எப்ப வருது எப்ப போவுதுன்னே தெரியறதில்ல. நான் தோட்டத்துலயே படுத்துக்கறேன்” என்றார், அவளைப் பார்த்தல்ல, வாசலில் நின்ற முருங்கை மரத்தைப் பார்த்து. அவளும் “சேரிங்க” என்றாள். அவளுக்கு அப்போது நாற்பத்து நாலு வயசு. கட்டில் தானாக நடந்து போவதுபோல் வேலியோரமாகப் போய் மறைந்தது. அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்தபோது அழுகை அழுகையாக வந்தது, புதுப்பொண்ணு முழிச்சுக்கப் போகுதேன்னு அதையும் அடக்கிக்கொண்டாள். அப்புறம் ஒரு ஆறு மாசம் மத்தியானச் சோறு கொண்டுவருகிற சாக்கில் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தாள், பொய் சொல்வானேன். பக்கத்துத் தோட்டத்துச் செல்லாயா ஒருநாள் வரப்பில் எதிர்ப்பட்டு, “என்ன பாவாத்தா, மாப்ளைக்கு மத்தியான விருந்து இன்னும் முடியலையாட்ட இருக்குது?” என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாரு, அடக் கெரகமே, மறுநாளிலிருந்து போசியைச் சாளை வாசலில் வைத்துவிட்டு, அவர் உண்டு முடிக்கிற வரைக்கும் வெளியில் நின்று, காலிப் போசியோடு திரும்பிவிடுவது என்று ஆகிப்போயிற்று. மூணு வருசம் கழித்துத் தங்கமுத்துவே கேட்டான், தெக்குப் பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்டட்டுமாம்மா, அப்பா இங்கயே வந்து படுத்துக்கட்டும் என்று. “எங்களுக்கெதுக்குடா ரூமு, பேரன் பேத்தி எடுக்கற வயசுல” என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள். பையன் பாவம், வாயை மூடிக்கொண்டான். இன்னொருதரம் கேட்டிருக்கலாம். ரெண்டாவதுதரம் கேட்டிருந்தால் சரி என்றிருப்பாளோ என்னவோ, அவளுக்கே தெரியவில்லை.

குறட்டை இப்போது படி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டிருந்தது. சின்ன வயசில் இவருக்குக் குறட்டையே கிடையாது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் தூங்குவார், ஒரு காலைத் தூக்கி இவள்மேல் போட்டிருப்பதை வைத்துத்தான் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. அந்தக் கால்தான் என்னா கனம்! எடுத்து அக்கட்டால வெச்சா மறு நிமிசம் திரும்பி வந்துரும். ஏனுங்க, நானென்ன தலகாணியா என்றால் தூக்கத்திலேயே உம் என்பார். எரிச்சலாக இருக்கும் அப்போது. எரிச்சல்பட்டதுக்கு இப்போது வெட்கமாக இருந்தது, ஒரு கால் கனத்துக்கு அலுத்துக்கொள்ள என்ன கொழுப்பு இருந்திருக்கணும் எனக்கு. இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோதே குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா, இப்பத்தான் அசந்து தூங்கறாரு என்று ஒரு நிம்மதி. பேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. எருமையின் வாலடி கேட்டது. விசிறின கையை நிறுத்தினாள். என்னமோ சரியில்லை. நெஞ்சைப் பார்த்தாள், ஏறவில்லை. வயிறு மட்டும் எதையோ உள்ளே இழுக்கப் பார்ப்பதுபோல் எக்கி எக்கி அடங்கியது. மூக்குக்கு நேரே விரலை வைத்தாள். காற்று இல்லை. ஆத்தாடி, காற்றே இல்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்திருக்கப் போனாள். அதற்குள் கொர்ரென்று ஓர் இழுப்பு, தண்ணீரில் முங்கி எழுந்தவனின் இழுப்பு, ரெண்டு காலும் உதறிக்கொண்டன, கட்டில் கிறீச்சென்றது, பழையபடி குறட்டை. அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பாவாத்தாளுக்கு மேலெல்லாம் வியர்த்துவிட்டது. கனாக் கண்டிருப்பாரு என்று சொல்லிக்கொண்டாள். கனாத்தான். கனாவில் கிணற்றில் விழுந்திருப்பார். சும்மா இரு மனசே, கனாத்தான்.

ஆனால் நேற்று அந்த டாக்டரம்மா இதையே அல்லவா கேட்டாள்? வரிக்கு வரி இதையேதான் கேட்டாள். முப்பது வயசுகூட இருக்காது, மூக்கில் ஒரு பொட்டு மூக்குத்தி, வெடுக்வெடுக்கென்று பேச்சு. போன மாசம் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலிலேயே உட்கார்ந்துவிட்டதில் ஆரம்பித்து, ரெண்டு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காத கதை வரைக்கும் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புகிறது என்றாள். “ஐயா, தூக்கமெல்லாம் எப்படி?” என்றாள். “தூக்கத்துக்கென்னுங்க கொறச்சல், தலையச் சாச்சாப் போதும்” என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சுகன்யா பின்னாலிருந்து, “இல்லீங்க டாக்டர், கரண்டு வந்தா மோட்டார் போடறதுக்கு ஏந்திரிச்சுக்குவாருங்க. எங்க ஜன்னல்ல இருந்து பார்த்தா ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கெல்லாம் சாளையில லைட் எரியும்” என்றாள். டவுன்காரி டாக்டரம்மாவுக்குச் சாளையென்றால் என்ன தெரியும், வீட்டில் ஒரு ரூம் என்று நினைத்திருப்பாள். “இத்தனை வருஷம் துண்டு துண்டாத் தூங்கினா பிரஷர் எப்படிம்மா அடங்கும்? ராத்திரிதான் இதயத்துக்கு ஓய்வு. அது கெட்டா நான் குடுக்கற மாத்திரை பாதிதான் கேட்கும்” என்றவள், நாற்காலியைத் திருப்பி நேராகப் பாவாத்தாளைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கம்மா. குறட்டை விடுவாரா? நடுவுல மூச்சு நின்னு, திணறி, மறுபடி வருமா? தூங்கறவருக்கு அது தெரியாது. பக்கத்துல படுக்கறவங்கதான் சாட்சி.”

பக்கத்தில் படுக்கிறவங்க. அந்த ஒரு வார்த்தையில் பாவாத்தாளுக்குக் காது மடல் சுட்டுவிட்டது. என்னத்தைச் சொல்வாள்? நான் பக்கத்துல படுக்கறதில்லீங்க என்றால், ஐயோ பாவம், கட்டினவன் ஒதுக்கி வைத்துவிட்டான் போல என்று அந்தப் பொண்ணு நினைக்கும். படுக்கறேனுங்க என்று சொல்லலாமென்றால் பின்னால் சுகன்யா நிற்கிறாள், தினம் தன்கூட ஒரே கூரைக்குக் கீழ் தூங்குகிற மாமியார் இப்படிப் புளுகுகிறாளே என்று அவள் என்ன நினைப்பாள்? புருசன் ஒருபக்கம் சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தையே வெறித்துக்கொண்டு, நான் இந்த ஊரே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் தூங்குவாரு” என்று வாயில் வந்துவிட்டது. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள் டாக்டரம்மா. “இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க.” ரெண்டுதரம். ஒருதரம் சொன்னதுகூடப் பரவாயில்லை, ரெண்டுதரம். “அப்ப சரி. பழக்கத்துல வர்ற முழிப்புதான். பத்து நாளைக்கு ராத்திரி அரை மாத்திரை குடுங்க, நல்லாத் தூங்கட்டும். மூச்சு நிக்கறவங்களுக்கு இது ஆகாது, அசந்து தூங்கறதுலயே ஆபத்தாயிரும், அதான் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.” அந்த மாத்திரை கடையில் இல்லாமல், வரவழைத்துத் தருகிறோம் என்று சொல்லி இன்றைக்குக் காலையில்தான் தந்தார்கள். அது இதோ போசிப் பையில் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி முதல் மாத்திரை. அவள் கையாலேயே பாதியாக உடைத்து, தண்ணீரும் மொண்டு கொடுப்பாள்.

மறுபடியும் நின்றது. இந்தத் தடவை எண்ணினாள். கடலைக்காய் அளக்கிறபோது வள்ளத்தைச் சாய்க்கையில் ஒண்ணு என்று சொல்லமாட்டாள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பாள், அந்தப் பழக்கத்தில் லாபம், ரெண்டு, மூணு என்று வந்துவிட்டது. லாபமா? எதைடி லாபம்ங்கற, பாவி மகளே. பதினாலு, பதினைந்து. பதினெட்டில் கொர்ரென்று வந்தது. அப்புறம் நாலு மூச்சு, அஞ்சு மூச்சு, குறட்டை ஏறி, ஏறி, நின்றது. இருபத்து மூணு. அப்புறம் இருபத்தாறு. கனா ஒருதரம் வரும், ரெண்டுதரம் வரும், இப்படி மடை மாற்றி மாற்றி வருமா? பெரியமூக்கு மாமா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாரே, கொடுத்துவெச்ச சாவுன்னு ஊரே சொல்லுச்சே, அவரும் சாளையில்தான் படுத்திருந்தார். மேல்காட்டு அப்புச்சி, அவரும்தான். நொச்சிக்காட்டுக்காரர், அவரும். வெடியால பால் பீச்சப் போனவங்க பார்த்துத்தான் சொன்னாங்க, ஆளு கட்டிலோட இருக்காருன்னு. எல்லாரையும் நல்ல சாவு, நல்ல சாவு என்றுதானே சொல்லி மாலை போட்டோம், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல் மூச்சுக்கு அல்லாடிச் செத்தார்களா, அதுதான் நல்ல சாவா? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே மனசே. எருமையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது. இத்தனை ராத்திரியும் இந்தச் சத்தத்தை நீதான் கேட்டுக்கிட்டு இருந்தியா? நின்னப்ப காதை நிமுத்துனியா, வந்தப்ப வாலை ஆட்டுனியா? எருமைக்குத் தெரிஞ்சிருக்குது, கட்டுனவளுக்குத் தெரியல. அவருடைய உள்ளங்காலைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெடிப்பெல்லாம் அப்படியே இருந்தது. இருங்க சாமி, இருங்க, எங்கயும் போயிராதீங்க.

ரெண்டரை மணி வாக்கில் கரண்டு வந்தது. பேனுக்கும் லைட்டுக்கும் வருகிற கரண்டு இல்லை, மோட்டாருக்கு வருகிற மும்முனைக் கரண்டு. சுவரில் இருந்த பெட்டியில் ஒரு பச்சை லைட் எரிந்தது, உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அடுத்த ரூமில் மோட்டார் தானாகவே உறுமிக்கொண்டு எடுத்தது. கொஞ்ச நேரத்தில் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம். நாச்சிமுத்து அசையவில்லை. பாவாத்தாள் பெட்டியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். ஒரு பையன் வந்து அந்தப் பெட்டியை மாட்டியபோது, “கரண்டு கூடக் கொறச்சலா வந்தா மோட்டாரக் காப்பாத்தும்” என்று மட்டும்தான் இவர் சொன்னார். ஆறு வருசம் இருக்கும். அப்படியென்றால் ஆறு வருசமாக மோட்டாருக்கு ஆள் வேண்டாம். கரண்டு வந்தால் அதுவே ஓடும், போனால் அதுவே நிற்கும். அப்புறம் எதுக்கு ரெண்டு மணிக்கு லைட் எரியுது? மூணு மணிக்கு எதுக்கு எரியுது? ஒரு கணம், ஒரே கணம், கழுதை மனசு எங்கெங்கோ போய்வந்தது. அட நீ ஒருத்தி, அறுபத்தெட்டு வயசில், ஒரு எருமையும் ஏழு மூட்டை உரமும் இருக்கிற இடத்துக்கு எவ வருவா? எண்ணத்தை அடித்துத் துரத்தினாள். ஆனால் கேள்வி போகவில்லை. தூக்கத்துக்கென்ன கொறச்சல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன மனுசன், மோட்டார் வேலையும் இல்லாதபோது, லைட்டைப் போட்டுக்கொண்டு என்ன பண்ணுகிறார்?

மாத்திரையை எடுத்து வாய்க்காலில் போட்டுவிட்டால் என்ன? போட்டுவிடலாம். கேட்டால் குடுத்தேன் என்று சொல்லிவிடலாம். இன்றைய ராத்திரிக்கு அது போதும், ஆனால் மூச்சு நிற்கிறது அதனால் நின்றுபோகாதே. வைத்தியம் பண்ணுகிறவளுக்கு அல்லவா தெரியணும். சரி, தெரிவிக்கலாம். டாக்டரம்மா நம்பர் சுகன்யாவிடம்தான் இருக்கிறது. சுகன்யாகிட்ட எப்படிச் சொல்றது? இன்னைக்கு மத்தியானம் புதுசா வந்துச்சு கண்ணுன்னு சொல்லலாமா? டாக்டரம்மா விடமாட்டாள், எத்தனை நாளாம்மா, தினமுமா, எத்தனை தடவைம்மா என்று குடைவாள். நேற்று ரெண்டுதரம் இல்லை என்று சாட்சி சொன்ன வாய் இது. தங்கமுத்துகிட்டச் சொல்லலாம். அய்யோ, பெத்த மகன்கிட்டப் போயி, நானும் உங்கப்பனும் என்று எப்படி ஆரம்பிப்பது. நாளைக்குச் சொல்லிக்கலாம், வெள்ளிக்கிழமை, நல்ல நாள். நாளைக்கு. பெரியமூக்கு மாமா வீட்டு அத்தையும் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றுதான் எதையோ தள்ளி வைத்திருப்பாள். சுகன்யா எதையும் நினைத்துக்கொள்ளமாட்டாள். நினைத்துக்கொள்வாள். என்னாலதான மாமா சாளைக்குப் போனாரு, என்னாலதான அவருக்கு இந்தச் சீக்கு என்று அவள் மருகினால்? பத்தொன்பது வருசத்தில் ஒருநாள் எதிர்த்துப் பேசாத பொண்ணு. அவள்மேல் ஒரு பழி விழுகிற மாதிரி இந்த வாயால் எப்படி. எண்ணம் செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது. நின்றபோதுதான் குறட்டையும் நின்றிருப்பது தெரிந்தது. எப்போது நின்றது? எண்ணவில்லையே. பதறி எண்ண ஆரம்பித்தாள். இருபது. முப்பது. வயிறு எக்குகிறது, எக்குகிறது, காற்று மட்டும் வரவில்லை. உதடு கறுத்தாற்போல் இருந்தது. நாற்பது. எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பியாடி?

“ஏனுங்க! ஏனுங்க! ஏந்திருங்க! மாமா!”

தோளைப் பிடித்து உலுக்கினாள். கொர்ரென்று ஒரு பெரும் இழுப்போடு நாச்சிமுத்து துள்ளி எழுந்து உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண் சிவந்திருந்தது. “என்ன, மோட்டார் நின்னுபோச்சா?” என்றார்.

“உங்க மூச்சு நின்னுபோச்சுங்க.”

அவர் தண்ணீர்ச் சொம்புக்குக் கையை நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். “எத்தன நாளா இப்புடி?” என்றாள். “எப்புடி?” என்றார். “என்றகிட்ட நாடகம் ஆடாதீங்க. மோட்டார் தானா எடுத்துக்குது, இப்ப என்ற கண்ணால பார்த்தேன். ரெண்டு மணிக்கு லைட்டப் போட்டுட்டு என்னதான் பண்றீங்க?” அவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பையன் குரலில் சொன்னார். “ஆறு வருசமா இப்புடித்தான். கொரவளைய ஆரோ புடிச்ச மாதிரி இருக்கும் புள்ள. படக்குனு முழிப்பு வந்துரும், நெஞ்சு அடிச்சுக்கும். அப்புறம் படுக்கப் பயம். எருமையப் பார்த்துட்டு வெடிய வெடிய உக்காந்திருப்பேன்.”

“டாக்டரம்மாகிட்ட நெஞ்ச நிமுத்திக்கிட்டுச் சொன்னீங்களே, தலையச் சாச்சாப் போதும்னு?”

“ஆம்பள, பயமா இருக்குதுன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லச் சொல்றியா?”

“என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க.”

“சொல்லியிருந்தா? வந்து பக்கத்துல படுத்திருப்பியா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். குரல் மட்டும் விளையாட்டுக்கு ஒத்துவரவில்லை. பாவாத்தாள் அவருடைய சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்தாள், ரெண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தாள், அது சுகன்யாவுக்குப் போகும். மணி அடித்தபோது வெட்டிவிடலாமா என்று ஒருதரம் கை போனது. “அத்தை, மாமாவுக்கு என்னாச்சுங்க?” என்றாள் சுகன்யா, எடுத்ததுமே. “ஒண்ணுமில்ல கண்ணு” என்று வழக்கம்போல் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த வாயை அவளே நிறுத்தினாள். “இல்ல, இருக்குது. சுகன்யா, நேத்து நான் டாக்டரம்மாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். உங்க மாமா குறட்டை விடறாரு, மூச்சு நின்னு நின்னு வருது. அந்த மாத்திரைய அவருக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு கேக்கோணும். எனக்கு எப்புடிச் சாமி தெரியும், நான் அவரு பக்கத்துல படுத்துப் பத்தொம்பது வருசமாச்சு.” சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. அந்தப் பக்கம் தையல் மெசின் சத்தம் நின்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “எனக்குத் தெரியுமல்லங்க அத்தை. நானும் அங்கதான நின்னேன். நீங்க ஒண்ணுமில்லைனு சொன்னப்ப, அந்தப் பேச்சுல நான் எப்புடிங்க குறுக்க வர்றது? ராத்திரியெல்லாம் தூங்கலைங்க. வெடியால சொல்லலாம்னு நினைச்சேன், அப்பவும் வாய் வரல.” ஆகமொத்தம் அந்த வீட்டில் நேற்று ஒருத்தரும் தூங்கவில்லை, ஆளுக்கொரு மரியாதையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழித்துக்கிடந்திருக்கிறார்கள். “அழாத கண்ணு. உன்மேல என்ன தப்பு. டாக்டரம்மாவுக்குப் போனப் போடு.”

பத்து நிமிசம் ரெண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது அடித்தபோது நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுகன்யா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மாத்திரையைத் தொடவே கூடாதாம். நல்லவேளை, தப்பிச்சீங்க என்று டாக்டரம்மா ரெண்டுதரம் சொன்னாளாம். நாளைக்குக் காலையில் கூட்டிவரணுமாம், ஒரு ராத்திரி அங்கேயே ஒயரெல்லாம் மாட்டித் தூங்கவைத்துப் பார்ப்பாங்களாம், மூக்குக்கு ஒரு மெசின் இருக்குதாம், அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் தொண்டை அடைக்காதாம், பிரஷரும் அடங்குமாம். இன்றைக்கு ராத்திரி மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருச்சாய்த்துத்தான் படுக்கணும், பக்கத்தில் ஒரு ஆள் படுத்து, மூச்சு நின்றால் தட்டி எழுப்பணும். “அவரை அனுப்பட்டுங்களா அத்தை? மில்லுல இருந்து வந்ததும் சாளைக்கு வரச் சொல்றேன்.”

பாவாத்தாள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“அவன் எதுக்கு?” என்றாள், எருமைக்குக்கூடக் கேட்கிற மாதிரி. “நான் படுத்துக்கறேன்.”

“சேரிங்க அத்தை” என்றாள் சுகன்யா, குரலில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது.

போனை வைத்ததும் நாச்சிமுத்து, “ஊரு சிரிக்கும் புள்ள” என்றார்.

“சிரிக்கட்டுங்க. சிரிச்சு முடிச்சுட்டு அவங்கவங்க வூட்டுக்குப் போயித் தூங்குவாங்க.”

அவர் மெதுவாகப் படுத்து, டாக்டரம்மா சொன்னபடி ஒருச்சாய்ந்து, அந்த ஓரத்துக்கு நகர்ந்தார். இந்தப் பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விழுந்தது.

“இப்பவேவாங்க? மணி மூணுதான் ஆகுது” என்றாள் பாவாத்தாள், முகமெல்லாம் சூடாக.

“ஆறு வருசத்துத் தூக்கம் கெடக்குது. கண்ண மூடவே பயமா இருக்குது புள்ள” என்றார் அவர். “நீ இருந்தா மூடிக்குவேன்.”